பாசிட்டிவ்தான் மேம்

இண்டர்வியூ முடிந்து நான்கு நாள் போன் வராதபோதுகூட எனக்கு எரிச்சல் வரவில்லை. போன் வந்த பிறகுதான் வந்தது.

அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஏஜென்சிப் பெண்ணின் நம்பரைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"மேம், ஃபீட்பேக் வந்துடுச்சு மேம். பாசிட்டிவ்தான் மேம்."

"அப்ப செலக்ட் ஆயிட்டேனாம்மா?"

"பாசிட்டிவ் மேம். பேனல் ரொம்ப ஹேப்பி. டெக்னிக்கலா ஓகே. ஃபிட்மென்ட் மட்டும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"ஃபிட்மென்ட்னா என்ன? என்னத்தப் பாக்குறாங்க?"

"அது வந்து... பாத்துக்கிட்டு இருக்காங்க மேம். நான் அப்டேட் பண்றேன் மேம்." வைத்துவிட்டாள்.

குழம்பை மறுபடி சூடு பண்ணும்போது யோசித்தேன். வேலை கிடைத்துவிட்டதா, இல்லையா? ஒரு கேள்விக்கு நாலு பதில் சொல்லியிருந்தாள். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் அதில் பதில் இல்லை.

என் தொழிலைச் சொன்னால்தான் இந்த எரிச்சலின் அளவு புரியும். மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று படிப்படியாக எழுதித் தருகிறவள் நான். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால் என்ன வரும், வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல எழுதுவேன். பதினோரு வருடம் அதைச் செய்தேன். மகள் பிறந்த பிறகு அவளுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வந்தது. கணவருக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஷிப்ட் வேலை. வேலையை விட்டேன். ஒரு வருடம் என்று நினைத்து விட்டது எட்டு வருடம் ஆகிவிட்டது.

எட்டு வருடம் கழித்து நாவலூரில் ஆறு மாத கான்ட்ராக்ட் ஒன்று என்னைத் தேடி வந்தது. ஆறே மாதம்தான். ஆனால் அது கிடைத்தால் என் பயோடேட்டாவில் அந்த எட்டு வருடப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கரை இருக்கும். கிடைக்காவிட்டால் எட்டு ஒன்பதாகும், அப்புறம் பத்தாகும், பிறகு எந்த ஏஜென்சியும் என்னைக் கூப்பிடாது. நான் திரும்ப வேலைக்குப் போவேனா, இல்லை இதோடு சரியா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் அந்தப் பெண் "பாத்துக்கிட்டு இருக்காங்க" என்று சொன்னாள்.

இந்த ஏஜென்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் சொல்லவே மாட்டார்கள். "ஓஎம்ஆர் ரோட்ல ஒரு பெரிய கிளையன்ட் மேம்" என்பார்கள். பெயரைச் சொன்னால் நாம் நேராகப் போய்விடுவோமாம். பெயர் தெரியாத அந்தக் கம்பெனிக்கு நம் விவரத்தை அனுப்ப, "உங்கள் ஏஜென்சிக்கு மட்டுமே அனுமதி தருகிறேன்" என்று நாம் மெயில் போட வேண்டும். வாசகத்தையும் அவர்களே அனுப்பிவிடுவார்கள், காப்பி எடுத்து ஒட்டினால் போதும். எட்டு வருடம் போன் அடிக்காத வீட்டில் ஒரே வாரத்தில் மூன்று நான்கு பேர் கூப்பிட்டால் என்ன செய்வேன்? எல்லோருக்கும் சரி என்றேன், எல்லோருக்கும் "மட்டுமே" போட்டு அனுப்பினேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி. அதில் இந்தப் பெண் மட்டும்தான் திரும்பக் கூப்பிட்டாள். இண்டர்வியூவுக்கு முதல் நாள்தான் கம்பெனியின் பெயர் எனக்குத் தெரிந்தது.

இண்டர்வியூ வீடியோவில் நடந்தது. அதற்காகச் செங்கல்பட்டு வரை போய் ஹெட்போன் வாங்கி வந்தேன். படுக்கையறையில் அலமாரியைப் பார்த்து உட்கார்ந்தால் பின்னால் சுவரில் மகள் வரைந்த கிறுக்கல்கள் தெரிந்தன. அதை மறைக்கக் காலண்டரை மாட்டினேன். எதிரே மூன்று பேர். நடுவில் என் வயதுள்ள ஒரு பெண், கண்ணாடி போட்டவர், அவர்தான் அதிகம் கேட்டார். நாற்பது நிமிஷம். எனக்கு நன்றாகப் போனதாகத்தான் பட்டது. மகள் அன்றைக்குச் சாயங்காலமே நோட்டு அட்டையை வெட்டி, என் பெயரை எழுதி, ஓட்டை போட்டு, ரிப்பன் கோத்து ஒரு ஐடி கார்டு செய்துவிட்டாள். போட்டோவுக்குப் பதில் என்னை வரைந்திருந்தாள், மூக்கு கொஞ்சம் பெரிது. "வேலை வந்ததும் மாட்டிக்கோம்மா" என்று பிரிட்ஜ் மேல் வைத்தாள்.

ஏஜென்சிப் பெண் சொன்னதைக் கணவரிடம் சொன்னேன். அவர் உடனே ஒரு நோட்டை எடுத்தார். அவர் வேலையில் எதையும் நேரம் போட்டு எழுதிவைக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, தண்ணி மோட்டார் ஓடிய நேரம் எல்லாம் அந்த நோட்டில் இருக்கும்.

"எத்தனை மணிக்குக் கூப்பிட்டா?"

"பதினொண்ணே கால் இருக்கும்."

"பாசிட்டிவ்னு எத்தனை தடவை சொன்னா?"

"நான் என்ன எண்ணிக்கிட்டா இருந்தேன்?"

"ரெண்டு தடவைக்கு மேலன்னா நல்லது. ஆனா ஒரு ரீடிங்கை வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னொரு ரீடிங் வரட்டும்" என்று எழுதி மூடினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நோட்டைக் குழம்பில் போட்டிருப்பேன்.

நாங்கள் இருப்பது புதுப்பட்டினத்தில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்கார அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் மாமல்லபுரத்தில் கிளிஞ்சல் சாமான் விற்கிறார். என் பயோடேட்டாவை நான்கு முறை பிரிண்ட் போட்டுத் தந்தவர் அக்காதான். அதனால் என்னுடைய எட்டு வருடப் பள்ளம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவரிடமும் சொன்னேன்.

"இன்னாம்மா இது? வேல கீதா, இல்லியா?" என்றார்.

"அதான் தெரியல அக்கா."

"எங்க வூட்டுக்காரரு கடைல, வாங்காத கிராக்கிதான் 'நல்லாகீது, நல்லாகீது'ன்னு சொல்லிகினே போவும். வாங்குற கிராக்கி வெலதான் கேக்கும். உன்ன எப்போ வந்து சேர்றேன்னு கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்போ நல்லாகீதுதான்" என்று சொல்லிவிட்டு யாருடைய ஆதார் கார்டையோ மெஷினில் வைத்தார்.

அடுத்த வாரம் இரண்டாவது போன். இந்த முறை நான் தயாராக இருந்தேன். கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருந்தேன், ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் சொல்ல முடிகிற மாதிரி. என் தொழிலே அதுதானே.

"என்னை ரிஜெக்ட் பண்ணிட்டாங்களா?"

"ஐயோ, இல்ல மேம்!"

"அப்ப செலக்ட் பண்ணிட்டாங்க."

"பாசிட்டிவ் மேம்."

"ஹோல்ட்ல வெச்சிருக்காங்களா?"

"ஹோல்ட் இல்ல மேம். ஆனா ஹோல்ட் மாதிரி."

"வேற யாரையாவது பாக்குறாங்களா?"

"அது இன்டர்னல் மேம்."

"என்கிட்ட ஏதாவது பேப்பர் வேணுமா? சர்டிபிகேட்? நான் ஏதாவது எழுதித் தரணுமா?"

இதற்கு மட்டும் அவள் சட்டென்று பதில் சொல்லவில்லை. போனில் அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் இதே குரலில் "மேம், சார்" என்று பேசுவது கேட்டது. பிறகு, "ஒண்ணும் வேணாம் மேம். நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம்" என்றாள். அந்தத் தயக்கத்தை நான் அன்றைக்கே பிடித்திருக்க வேண்டும். அந்த "ஹோல்ட் மாதிரி"யிலேயே தலை சூடாகி, இதைக் கோட்டை விட்டேன்.

கணவர் நோட்டில் எழுதினார். "ரிஜெக்ட் இல்லைங்கறது தெளிவு. முன்னேற்றம்தான்" என்றார். வளர்ந்த இரண்டு பேர், ஒரு பட்டமும் ஒரு டிப்ளமோவும் வாங்கியவர்கள், அந்தப் பெண் எந்த வார்த்தைக்கு முன்னால் மூச்சு விட்டாள் என்று சாப்பாட்டு நேரத்தில் விவாதித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது சோறு ஆறியதுகூடத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் மகளின் பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலைக்கு ஆள் கேட்டார்கள். அட்மிஷன் பார்ப்பது, பெற்றோருக்குக் கடிதம் எழுதுவது. என் தொழில் இல்லைதான், ஆனால் வேலை. தலைமை ஆசிரியை நேரிலேயே கூப்பிட்டுச் சொன்னார். "உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லிடுங்க." அப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அந்த அம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை நானே ஏஜென்சிக்கு போன் செய்தேன். பள்ளிக்கூட வேலை விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். "உண்மையைச் சொல்லும்மா. நாவலூர் வராதுன்னா சொல்லிடு, நான் இதுல சேர்ந்துக்கறேன்."

"வேற எங்கயும் கமிட் ஆகாதீங்க மேம், ப்ளீஸ்! ரொம்பக் கிட்டத்துல இருக்கு. இவ்ளோ பாசிட்டிவ் எந்த ப்ரொஃபைலுக்கும் நான் பாத்ததில்ல மேம்."

குரலில் பொய் இருந்ததா என்றால், இல்லை. அதுதான் கொடுமை. வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை அந்த நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஏஜென்சியிலிருந்து போன் இல்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை. ஒருநாள் வாட்சப்பில் கைகூப்பிய பொம்மை ஒன்று வந்தது. அதற்கு என்ன அர்த்தம்? நன்றியா, மன்னிப்பா, ஆளை விடு என்பதா? கணவர் அதையும் நோட்டில் வரைந்து வைத்தார்.

மூன்றாவது வாரம் கடைசியில் கீழே அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் போன கைல வச்சிகினு குந்திகினு கீறியா? அதான் கம்பெனி எங்க கீதுன்னு தெரியுமில்ல? பஸ் ஏறிப் போய் மூஞ்சிக்கு நேரா கேளு. கடிச்சித் துன்னுடுவாங்களா?"

"நேரா போகக் கூடாதுன்னு ஏஜென்சியில சொல்லியிருக்காங்க அக்கா."

"அவங்க சொல்றதெல்லாம்தான் உனக்குப் புரியவே இல்லியே. இது மட்டும் எப்டிமா புரிஞ்சிது?"

மறுநாள் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். மாமல்லபுரம், திருப்போரூர், கேளம்பாக்கத்தில் இறங்கி வேறு பஸ். அதில் கழுத்தில் ஐடி கார்டுப் பட்டை மாட்டிய பிள்ளைகள் நின்றுகொண்டே தூங்கினார்கள். நாவலூரில் இறங்கியபோது புடவையெல்லாம் கசங்கிப்போயிருந்தது. வாசலில் செக்யூரிட்டி யாரைப் பார்க்க வேண்டும் என்றார். கண்ணாடி போட்ட அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். வேலை விஷயம் என்று சொல்லவில்லை, தெரிந்தவர் என்று சொன்னேன். நாற்பது நிமிஷம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேனே, தெரிந்தவர்தானே.

அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "நீங்க இங்க வரக் கூடாதுங்க" என்றுதான் முதலில் சொன்னார். பிறகு என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு இண்டர்வியூவுல என்ன முடிவு பண்ணீங்க?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? அன்னிக்கே செலக்ட் பண்ணியாச்சு. மூணு பேரும் ஒரே மனசா சொன்னோம்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"ஆனா உங்க பேரை ரெண்டு ஏஜென்சி அனுப்பியிருந்தது. ரெண்டு பேர்கிட்டயும் 'எங்களுக்கு மட்டுமே'ன்னு நீங்க போட்ட மெயில் இருக்கு. அந்த மாதிரி வந்தா எங்க சிஸ்டம் நிறுத்தி வெச்சிடும். யார் மூலமா வர்றீங்கன்னு உங்ககிட்ட ஒரு வரி எழுதி வாங்கி அனுப்புங்கன்னு ரெண்டு பேருக்கும் சொன்னோம். கான்ட்ராக்ட் ஆளுங்களோட நாங்க நேரா பேசக் கூடாது, அது ரூல். மூணு வாரம் கேட்டோம். ரெண்டு பேரும் 'கேண்டிடேட் பாசிட்டிவ்தான், யோசிச்சுக்கிட்டு இருக்காங்க'ன்னே சொன்னாங்க. உங்களுக்கு இஷ்டமில்லன்னு நாங்க நெனச்சோம்."

"என்கிட்ட யாருமே கேக்கலையே!"

"கேட்டா நீங்க மத்தவன் பேரைச் சொல்லிட்டீங்கன்னா?"

அவ்வளவுதான் விஷயம். ஒரு வரி. நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதுவதுதான் என் பிழைப்பே. அந்த வரியைக் கேட்டால் அடுத்தவனுக்குப் போய்விடுமோ என்று இரண்டு பேரும் பயந்து, யாருக்கும் இல்லாமல் பண்ணிவிட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன? போன் அடித்ததே பெரிய சந்தோஷம் என்று கேட்டவனுக்கெல்லாம் "மட்டுமே" எழுதிக் கொடுத்தவள் நான்தானே. அடச்சே, என் கையை என்ன செய்யலாம்!

"இப்ப எழுதித் தரவா? இங்கயே தரேன்."

"முந்தாநாள் வேற ஒருத்தரை எடுத்தாச்சுங்க." அவர் டீக்குக் காசு கொடுத்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? எட்டு வருஷ கேப் பத்தி நீங்க நாலு தடவை சாரி சொன்னீங்க. நாங்க கேக்கவே இல்லை. அடுத்த தடவை சொல்லாதீங்க."

மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஃபீட்பேக் அதுதான். அதற்குக் கணவரும் நோட்டும் தேவைப்படவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருப்போரூர் தாண்டும்போது ஏஜென்சிப் பெண்ணே கூப்பிட்டாள். பொசிஷன் குளோஸ் ஆகிவிட்டது, ஆனால் ஃபீட்பேக் ரொம்பப் பாசிட்டிவ் என்று ஆரம்பித்தாள். நான் விடவில்லை. பஸ்ஸில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"உனக்கு முதல்லயே தெரியும், இல்ல? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேக்கக் கூடாதுன்னு எங்க மேனேஜர் சொன்னாரு மேம். நானே இங்க கான்ட்ராக்ட்தான் மேம்."

"வேலை வராது போலன்னு சொல்லியிருக்கலாம்ல? ஸ்கூல் வேலையாவது மிஞ்சியிருக்குமே!"

"பாதி சொன்னதுமே எல்லாரும் அவ்ளோ சந்தோஷப்படுறாங்க மேம். மீதி சொல்ல வாய் வர மாட்டேங்குது."

"வாய் வரலன்னா இந்த வேலைக்கு எதுக்கு வந்தே? இருக்கறத முழுசா சொல்றதுக்கு என்ன கேடு? ஒரே நிமிஷ வேலை!" அவள் அழுகிற மாதிரி இருந்தது. வைத்துவிட்டேன். மிச்ச வழியெல்லாம் வீட்டில் எப்படிச் சொல்வது என்று வரி வரியாக ஒத்திகை பார்த்தேன். முதலில் செலக்ட் ஆனது, அடுத்து இரண்டு ஏஜென்சி, கடைசியில் வேலை போனது. மூன்றே வரி.

பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போனால் மகளைக் கணவர் கூட்டிப்போய்விட்டதாகச் சொன்னார்கள். ஷிப்டை மாற்றிக்கொண்டு சீக்கிரம் வந்திருக்கிறார். வீட்டு வாசலில் அவர்கள் இருவரோடு கீழே அக்காவும் கடையை விட்டு வந்து நின்றிருந்தார். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் கணவர்.

"அன்னிக்கே செலக்ட் பண்ணிட்டாங்களாம்" என்றேன். முதல் வரி.

"நான் சொன்னேன்ல, நேரா போய்க் கேளுன்னு!" என்று அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். கணவர் சிரித்தார். எட்டு வருடமாக அந்தச் சிரிப்பை அவர் எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. மகள் உள்ளே ஓடி ஸ்டூல் போட்டு, பிரிட்ஜ் மேலிருந்த அட்டையை எடுத்து வந்தாள். "குனிம்மா, குனி" என்றாள். குனிந்தேன். ரிப்பனை என் கழுத்தில் மாட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள்.

இரண்டாவது வரி தொண்டைவரைக்கும் வந்தது.

"எப்ப ஜாயின் பண்ணணுமாம்?" என்று கேட்டார் கணவர்.

"பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

அவர் நோட்டை எடுத்து, மணியைப் பார்த்து, எழுதிக்கொண்டார்.